நைருதி மூலையில் ஒரு விளம்பரம்

எங்கள் முதலாளி ராம்ப்ரசாத் ஒரு காலத்தில் தினமும் விடிந்ததும் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, தன் சொந்த இணையதளத்தைத் திறந்து, அதில் வரும் முதல் விளம்பரத்தைத் தன் விரலாலேயே ஒருமுறை தட்டுவார். கேட்டால் போணி என்பார். திருப்பதியில் போணி ஆகாமல் எந்தக் கடைக்கும் நாள் தொடங்காது, இணையதளமும் ஒரு கடைதானே என்பது அவர் கணக்கு. விளம்பரங்களை அனுப்பி, ஒவ்வொரு தட்டுக்கும் காசு கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போணி என்றால் என்னவென்று தெரியாது. சொந்தத் தளத்து விளம்பரத்தைச் சொந்தக்காரனே தட்டினால் அவர்கள் ஊரில் அதற்குப் பெயர் மோசடி. எட்டு மாதம் பக்தி சிரத்தையோடு போணி செய்த மனிதரை ஆயுளுக்கும் தடை செய்துவிட்டார்கள். அவர் பெயரிலோ, அவர் வீட்டு முகவரியில் இருக்கும் வேறு யார் பெயரிலோ இனிமேல் கணக்கே கிடையாது.

நான் எழுத வந்தது யமுனாவைப் பற்றி. ஆனால் அந்தப் போணி இல்லையென்றால் யமுனாவின் பெயர் இந்த வம்பில் மாட்டியே இருக்காது. அதனால்தான் அவரை முதலில் சொன்னேன். மற்றபடி அவருக்கு முதல் இடம் கொடுக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

அவருடைய இணையதளத்தின் பெயர் 'கொண்டசமயம்', கொண்ட என்றால் தெலுங்கில் மலை. மலையில் இலவச தரிசனத்துக்கு இன்றைக்கு எத்தனை மணி நேரம் ஆகும், வரிசை எங்கே நிற்கிறது, கீழே இறங்கக் கடைசி பஸ் எப்போது, இதையெல்லாம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் போடுவோம். மலைமேல் டீ விற்கும் குணா மணிக்கொரு தடவை வரிசையை எட்டிப் பார்த்துப் போன் அடிப்பான். எங்கள் தொழில்நுட்பம் மொத்தமும் அவ்வளவுதான். மலையடிவாரத்தில், அலிபிரியில் ஒரு டிபன் கடைக்கு மேலே ஆபீஸ். காலை முழுக்க சாம்பார் வாசனையில் வேலை செய்வோம். நான் சந்தியா, சித்தூர்க்காரி, தமிழ்க் கட்டுரைகளை எழுதுகிறவள். 'மொட்டைக்குப் பிறகு முடி அடர்த்தியாக வளர ஒன்பது வழிகள்' என்று எங்காவது படித்து ஏமாந்திருந்தால் மன்னிக்கவும், அது நான்தான்.

யமுனா எங்கள் டிசைனர். பக்கத்தில் எது எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை. ராமகுப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அவளுடைய அப்பா பாலையா ஊரார் நிலத்தில் பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை வெட்டிக் கூலி வாங்கியவர், இப்போதுதான் சொந்தமாக இரண்டு ஏக்கர். பக்கத்து டவுனான குப்பத்தில் கம்ப்யூட்டர் டிகிரி படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. குட்டையாக இருப்பாள், குரல் மட்டும் பெரியது. கோபம் வந்தால் பசிக்கும், அழுகை வந்தாலும் பசிக்கும். கீழே டிபன் கடையில் அவளுக்கென்று தனியாக ஒரு தட்டு வைத்திருந்தார்கள்.

அவளிடம் ஒரு விசித்திரமான குணம் உண்டு. எதையும் முழுசாகப் படிப்பாள். சகஸ்ரநாமத்தை முழுசாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர் தேறுவார்கள். விளம்பரக் கம்பெனியின் விதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தவள் அவள் ஒருத்திதான். பட்டனுக்குப் பக்கத்தில் விளம்பரம் ஒட்டக் கூடாது, 'இதைத் தட்டுங்கள்' என்று அம்புக்குறி போடக் கூடாது, எழுத்தைவிட விளம்பரம் அதிகமாக இருக்கக் கூடாது, படிக்கிறவர் தெரியாமல் தட்டும்படி எதையும் வைக்கக் கூடாது. ஒவ்வொரு விதியையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தாள்.

புதுக் கணக்குத் திறக்க ராம்ப்ரசாத் அவள் பெயரைக் கடன் கேட்டது அவள் சேர்ந்த மூன்றாவது மாதம். கணக்கு அவள் பெயரில், முகவரி அவளுடைய ஊரில், தளம் மட்டும் அவருடையது. அவள் உடனே தலையாட்டவில்லை. நோட்டைத் திறந்து காட்டினாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு கணக்குதான் சார். ஒருவாட்டி பூட்டிட்டாங்கன்னா சாவுற வரைக்கும் தொறக்க மாட்டாங்க. நாளைக்கு எங்க ஊரு பட்டுக்கூடு வெலைய தினமும் போடற மாதிரி நானே ஒரு சைட்டு வெக்கணும்னு கீறேன். என் பேரு கெட்டுச்சின்னா அது நடக்காது. நான் சொல்ற எடத்துலதான் விளம்பரம் வெக்கணும், சரியா?"

"பெருமாள் சாட்சியா சொல்றேன்மா, நீ கைகாட்டற இடத்துலதான்" என்றார் ராம்ப்ரசாத். பெருமாளுக்கு இந்த ஊரில் தரிசனம் கொடுப்பதைவிட சாட்சி சொல்கிற வேலைதான் அதிகம்.

கணக்கைத் திறந்தால் அந்தக் கம்பெனி முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். அது ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று பாலையா போன் செய்தார். யமுனா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"யமுனா, ஃபாரின்லருந்து ஒரு கவரு வந்துகீது. உன் பேரு போட்டுக்கீது."

"பிரிச்சி உள்ள ஒரு நம்பரு இருக்கும், அத சொல்லு நைனா."

"உன் பேருக்கு வந்தத நான் எப்டிம்மா பிரிக்கிறது? நானே எடுத்துக்கினு வரேன்."

வந்தார். ராமகுப்பத்திலிருந்து பஸ் மாறி மாறி, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் நின்று, சாயங்காலம் ஆபீசுக்குள் நுழைந்தார். சட்டைக்குள் பனியனுக்கு மேல் வைத்து எடுத்து வந்த கவரை மகளிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். உள்ளே ஆறு எண்கள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கவரின் மேல் அச்சடித்திருந்த மகளின் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அவரைக் கிண்டல் செய்தேன். இப்போது நினைத்தால் என் நாக்கைக் கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்று வருஷம் ஒழுங்காகப் போனது. விளம்பரம் எப்போதும் எழுத்தைவிடத் தாமதமாக வரும். மலைமேல் சிக்னல் இழுபறி, அங்கே இன்னும் தாமதம். அதனால் யமுனா விளம்பரம் வந்து உட்காரப்போகும் இடத்தை முன்னாலேயே ஒரு வெள்ளைக் கட்டமாக ஒதுக்கிவிடுவாள். பந்திக்கு வரப்போகிற ஆளுக்கு முன்கூட்டி இலை போட்டு வைப்பது மாதிரி. விளம்பரம் வந்ததும் அதன் இடத்தில் உட்காரும், மற்றது எதுவும் நகராது. பார்க்க ஒன்றுமில்லாத இந்த வெள்ளைக் கட்டம்தான் அவள் வேலையின் உயிர்.

அதில்தான் வந்து கால் வைத்தார் தோதாத்ரி.

தோதாத்ரி ராம்ப்ரசாத்துக்கு அத்திம்பேர், அக்கா ஸத்யபாமாவின் கணவர். காலையில் கோயிலில் கோஷ்டியோடு பிரபந்தம் சேவிப்பார். மிச்ச நேரத்தில் வாஸ்து. அவர் சொல்லி இந்த ஊரில் எத்தனை சமையலறை படுக்கையறையாக மாறியிருக்கிறது என்று பெருமாளுக்கே தெரியாது. ஆவணி மாசம் ஒருநாள் ஆபீசுக்கு வந்தவர் தன் பழைய போனில் எங்கள் பக்கத்தைத் திறந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ராமு, பக்கமும் ஒரு மனைதாண்டா. மேலே வடக்கு. வலது மேல் மூலை ஈசான்யம். அங்கே என்ன வெச்சிருக்கே, பாரு."

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஈசான்யத்தில் ஒரு ஜட்டி விளம்பரம்.

"அது மாறிக்கினே இருக்கும் சாமி" என்றாள் யமுனா.

"ஈசான்யத்துல ஜட்டி மாறினா என்ன, மாறாட்டா என்ன? அங்கே பாரமே கூடாது. பாரமெல்லாம் நைருதிக்குப் போகணும். கீழே, இடது மூலை."

சரி என்று யமுனா விளம்பரத்தைக் கீழே இடது பக்கம் இறக்கினாள். அதற்கும் கீழே, நன்றாக இடம் விட்டு, 'இன்று எத்தனை மணி நேரம்?' என்ற சிவப்புப் பட்டன். மலை ஏறுகிறவர்கள் எங்கள் பக்கத்துக்கு வருவதே அந்தப் பட்டனைத் தட்டத்தான். விதி எதுவும் மீறவில்லை. மறுநாள் தோதாத்ரி தன் போனில் பார்த்தார். பக்கம் திறந்தது, விளம்பரம் இன்னும் வரவில்லை. இடது மூலையில் வெள்ளையாகக் கட்டம் மட்டும் இருந்தது.

"அடப் பாவி! நைருதியில பள்ளம் பறிச்சு வெச்சிருக்கேளே! உருப்படுமா?"

யமுனா விளக்கினாள். நோட்டைக் காட்டினாள். கட்டத்தை எடுத்தால் விளம்பரம் வருகிற வரைக்கும் பட்டன் மேலே ஏறி நிற்கும், விளம்பரம் வந்ததும் பட்டன் சரேலென்று கீழே இறங்கும், பட்டனைத் தட்டப் போனவன் விளம்பரத்தைத் தட்டுவான் என்று வரைந்தே காட்டினாள். இரண்டு நாள் சண்டை போட்டாள். அந்த இரண்டு நாளில் கீழே பொங்கல் மட்டும் ஐந்து பிளேட். ராம்ப்ரசாத் கடைசியில், "அத்திம்பேர் சொன்னா சொன்னதுதான்மா. மூடறியா, வேற ஆளைப் பாத்துக்கட்டுமா?" என்றார். பெருமாள் சாட்சிக்குக் கூப்பிடப்படவில்லை. அவள் மூடினாள்.

ஒரே வாரத்தில் வருமானம் இரண்டு மடங்கானது.

அந்த வாரத்து அமர்க்களத்தை எழுத இந்தத் தாள் போதாது. ராம்ப்ரசாத் அத்திம்பேர் காலில் விழுந்தார். எங்கள் இருவருக்கும் சம்பள உயர்வு. யமுனா தவணையில் மஞ்சள் ஸ்கூட்டர் எடுத்தாள், நான் ஃபிரிட்ஜ் எடுத்தேன். தோதாத்ரி 'இணையதள வாஸ்து நிபுணர்' என்று கார்டு அடித்து, இரண்டு லாட்ஜுக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் ஈசான்யம் சரிசெய்து கொடுத்துவிட்டார்.

இரண்டாவது வாரமே யமுனாவுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அலிபிரியில் படிக்கட்டு தொடங்குகிற இடத்துக்குப் போய், போனும் கையுமாக நின்ற ஜனங்களை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, ஒருத்தரும் விளம்பரத்த அமுக்கல. பட்டன அமுக்கத்தான் வெரல எடுத்துக்கினு போறாங்க. அதுக்குள்ள விளம்பரம் வந்து வெரலுக்கு அடியில பூந்துக்குது. ஒரு பெரியவரு மூணுவாட்டி அமுக்கி, மூணுவாட்டியும் லோன் கம்பெனிக்குப் போய்ட்டாரு. சார்கிட்ட சொல்லிடலாமா?"

"சொன்னா ஸ்கூட்டரத் திருப்பிக் குடுத்துட்டு நடந்து போவ. கம்பெனிக்காரன் கேட்டா அப்பப் பாத்துக்கலாம். வாய மூடிக்கினு இரு" என்றேன்.

அப்படிச் சொன்னது நான்தான். இதில் மழுப்ப ஒன்றுமில்லை. அவள் பெயரில்தான் கணக்கு என்பதும், போனால் அவளுக்குத்தான் போகும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். என் ஃபிரிட்ஜில் அப்போதுதான் முதல் ஐஸ்கிரீம் உறைந்துகொண்டிருந்தது.

நாலு மாசம் கழித்து, மார்கழியில், மெயில் வந்தது. வைகுண்ட ஏகாதசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தெரியாமல் தட்டவைக்கும் விதத்தில் விளம்பரம் வைத்திருக்கிறீர்கள், ஏழு நாளுக்குள் மாற்றி விளக்கம் எழுதுங்கள், இல்லையென்றால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். யமுனா அதை இரண்டு தடவை படித்தாள். கீழே போய்ச் சாப்பிட்டாள். மேலே வந்து ராம்ப்ரசாத் முன்னால் நின்றாள்.

"ஏகாதசி முடியட்டும்மா" என்றார் அவர். "வருஷத்துலயே பெரிய கூட்டம். அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்கோ."

"ஏழு நாள்தான் சார் குடுத்துக்கீறாங்க."

"எனக்கும் இப்படித்தான் மெயில் அனுப்பிண்டே இருந்தான். நான் திறந்துகூடப் பாக்கலை."

"அதான் சார் உங்க பேரு போச்சி."

ராம்ப்ரசாத்துக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். "போனா என்ன இப்போ? அடுத்த கணக்கை உங்கப்பா பேர்ல, வேற முகவரி குடுத்துத் திறந்துண்டா போச்சு. அவருக்கு என்ன தெரியப்போறது?"

யமுனா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். எனக்கு அந்த ஆளை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. விடவில்லை. சம்பளம் அவர் கையில் இருக்கிறது, என் வீரம் எப்போதும் மாசக் கடைசிவரை யோசித்துவிட்டுத்தான் கிளம்பும்.

"வாஸ்துதான வெனை? வாஸ்துகாரர்கிட்டயே போலாம் வா அக்கா" என்றாள் அவள், படி இறங்கும்போது. மஞ்சள் ஸ்கூட்டரில் இருவரும் தோதாத்ரி வீட்டுக்குப் போனோம்.

வாசலிலேயே ஸத்யபாமாவின் குரல் கேட்டது. கையில் கணவரின் போன். "மறுபடியும் அவாதான்! காலைலேர்ந்து நாலாவது தடவை! உங்களுக்கு நல்ல வரனா வந்திருக்காம், போட்டோ அனுப்பட்டுமான்னு ஒரு பொண்ணு கேக்கறா!"

"நான் யாருக்கும் நம்பர் குடுக்கலை ஸத்யா, சத்தியமாச் சொல்றேன்" என்றார் தோதாத்ரி. வயது அறுபத்து நாலு. வேர்த்திருந்தார்.

யமுனா ஒரு நிமிஷம் இருவரையும் பார்த்தாள். பிறகு, "சாமி, அந்தப் போன்லயே நம்ம சைட்ட தொறந்து, இன்னிக்கு எத்தினி மணி நேரம்னு பாருங்களேன்" என்றாள்.

எதற்கு என்று கேட்காமலேயே திறந்தார். பேச்சு மாறினால் போதும் என்றிருந்தது அவருக்கு. பக்கம் வந்தது. சிவப்புப் பட்டன் வந்தது. கட்டை விரலை நீட்டினார். விரல் இறங்குவதற்குள் பட்டன் கீழே நழுவியது, அதன் இடத்தில் ஒரு பெண்ணின் படம் வந்து உட்கார்ந்தது, விரல் அந்தப் பெண்ணின் மேல் பட்டது. திரை மாறியது. 'மீண்டும் வருக தோதாத்ரி! உங்கள் வாழ்க்கைத் துணை காத்திருக்கிறார்' என்று ஒரு வரன் பார்க்கும் கம்பெனி வரவேற்றது. கீழே அவர் பெயர், நம்பர், திருவோண நட்சத்திரம், ஸ்ரீவத்ஸ கோத்திரம், எல்லாம் பிசகாமல் இருந்தது.

ஸத்யபாமா தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். "நட்சத்திரம், கோத்திரம் வரைக்கும் குடுத்திருக்கேள்!"

"அர்ச்சனைக்குக் கேக்கறான்னு நினைச்சுண்டேன்டி!" என்று தோதாத்ரி கத்தினார். "பேர், நட்சத்திரம், கோத்திரம். வேற எதுக்குக் கேப்பா? ஆவணிலேர்ந்து நாலு தடவை எழுதிட்டேன். பிரசாதம் ஏன் வரலைன்னு யோசிச்சுண்டே இருந்தேன்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானை போதவில்லை. யமுனா சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அவருக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெள்ளைக் கட்டம் எதற்கு இருந்தது, அதை மூடியதும் பட்டன் ஏன் ஓடுகிறது, பணம் எப்படி இரட்டிப்பானது, இன்னும் ஏழு நாளில் யாருடைய பெயர் போகும் என்று எல்லாம்.

தோதாத்ரி தன் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாஸ்து பொய் என்று அவர் வாயால் சொல்ல முடியாது, கார்டு வேறு இருநூறு அடித்தாகிவிட்டது. வாஸ்து மெய், பட்டன் ஓடவில்லை என்றால், வரன் விளம்பரத்தைத் தெரிந்தே தட்டியதாகி ஸத்யபாமாவிடம் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"மாட்டு வண்டிக்கு வாஸ்து பாக்கறதுண்டோ? கிடையாது. ஏன்? அது நகர்ற வஸ்து, அதுக்குத் திக்கே இல்லை. போனும் கையோட சுத்தற வஸ்துதானே. எனக்கு இது ஏன் முன்னாடியே தோணலை? சாஸ்திரத்துல தெளிவா இருக்கே."

எந்த சாஸ்திரம் என்று நாங்கள் கேட்கவில்லை. அங்கேயே ராம்ப்ரசாத்துக்குப் போன் போட்டு, பக்கத்துக்கு வாஸ்து கிடையாது, அந்தப் பெண் சொல்கிறபடி வை என்று உத்தரவு போட்டார். அத்திம்பேர் சொன்னால் சொன்னதுதான். தெருவுக்கு வந்து ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு யமுனா சிரித்த சிரிப்பில் எதிர்க் கடை நாய் எழுந்து போய்விட்டது.

அன்றைக்கே வெள்ளைக் கட்டம் திரும்பி வந்தது. விளம்பரத்துக்கும் பட்டனுக்கும் நடுவே நாலு வரி எழுத்தும் நல்ல இடைவெளியும் விட்டாள். பத்து போன்களில் தட்டிப் பார்த்தாள். மிச்சம் விளக்கம் எழுதுவது. கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருந்தது. ஏன் நடந்தது, யார் பொறுப்பு, என்ன மாற்றினீர்கள், இதில் வேறு யாருக்காவது பங்கு உண்டா, என்று நாலு பெட்டி.

"சந்தியா, எழுது" என்று ராம்ப்ரசாத் என் பின்னால் வந்து நின்றார். "எங்கள் டிசைனர் அறியாமையால் செய்துவிட்டார். அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டோம். இனி நடக்காது."

"சார், கணக்கு யமுனா பேர்ல கீது. எழுதறதும் யமுனாதான். 'என்னை நானே வேலையை விட்டு நீக்கிவிட்டேன்'னு வரும்."

அவர் யோசித்தார். "அப்படியும் எழுதலாமே" என்றார்.

யமுனா என் கையிலிருந்து கீபோர்டை இழுத்துக்கொண்டாள். அவர் தன் அறைக்குப் போகிற வரைக்கும் காத்திருந்து, தன் ஆங்கிலத்தில் எழுதினாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். விளம்பரத்தை அங்கே வைத்தது நான். அது தவறு என்று எனக்கு இரண்டாவது வாரமே தெரியும். நாலு மாதம் சொல்லாமல் இருந்தேன். இப்போது மாற்றிவிட்டேன். அந்த ஆபீசில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறேன், அங்கிருந்து வெளியே போன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

"இப்டியே அனுப்பினா கணக்க மூடிடுவாண்டி. தெரியாமப் பண்ணிட்டேன்னு போடு" என்றேன்.

"தெரிஞ்சிதான அக்கா பண்ணேன்? மூடினா மூடட்டும், பொய் சொல்லி வெச்சிக்கினு இருக்க முடியாது." நாலாவது பெட்டியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். "இங்க உன் பேரப் போடட்டுமா? உனக்கும் தெரியும்னு?"

அதட்டவில்லை, குத்தவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"என் பேரு எதுக்கு? அவனுக்கு என்னை யாருன்னே தெரியாதே" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, பெட்டியைக் காலியாக விட்டு அனுப்பினாள். நான் போய் முகம் கழுவிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

ஐந்தாவது நாள் பதில் வந்தது. நேர்மையான விளக்கத்துக்கு நன்றி, கணக்கு தொடரும், இன்னொரு முறை நடந்தால் விளக்கமே கேட்க மாட்டோம். யமுனா ஊருக்குப் போன் போட்டு நைனாவிடம் ஏதோ சொன்னாள். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, இந்தப் பக்கம் இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ராம்ப்ரசாத் லட்டு கொடுத்தார். அந்தச் சந்தோஷம் அவருக்கு நாலு நாள் நின்றது. ஏகாதசிக்கு முதல் நாள் மத்தியானம், பக்கத்தில் கூட்டம் ஏறுவதையும் வருமானம் ஏறாததையும் பார்த்துவிட்டு, கையில் இரண்டு காபியோடு எங்கள் மேஜைக்கு வந்தார். அவர் காபி கொண்டுவந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

"ரெண்டே நாள்மா. ஏகாதசி, துவாதசி. அந்த வெள்ளைக் கட்டத்தை மட்டும் எடுத்துடு. திரயோதசி அன்னிக்குப் போட்டுடலாம். ரெண்டு நாள்ல எவன் பாக்கப் போறான்?"

"முடியாது சார்" என்றாள் யமுனா.

"யார் ஆபீஸ்ல உக்காந்துண்டு யாருகிட்ட முடியாதுங்கறே?"

"ஆபீசு உங்குளுது சார். கணக்கு என்துது. வேணும்னா இப்பவே உங்க சைட்ட என் கணக்குலருந்து எடுத்துடறேன். நீங்க எப்டி வேணா வெச்சிக்கோங்க." அவள் கை மவுஸின் மேல் இருந்தது.

ராம்ப்ரசாத் அந்தக் கையைப் பார்த்தார். ஏகாதசி அன்று ஒரு விளம்பரமும் இல்லாத பக்கம் எப்படி இருக்கும் என்று அவர் மனசுக்குள் ஓடியது எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"சந்தியா, நீ பெரியவ, நீயாவது சொல்லும்மா. நாலு மாசம் அப்படியேதானே இருந்தது? யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? ஜனங்க பாத்தா, பிடிச்சுது, தட்டினா."

காபி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சரி சார், நான் பேசிப் பார்க்கிறேன் என்றுதான் என் வாய் வழக்கமாகச் சொல்லும். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

"பிடிச்சித் தட்டல சார். தெரியாமத் தட்டினாங்க. ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும்" என்றேன். "யமுனா அன்னிக்கே உங்ககிட்ட சொல்லிடலாம்னு சொன்னா. நான்தான் வாய மூடிக்கினு இருன்னு சொன்னேன்."

ராம்ப்ரசாத் இரண்டு காபியையும் திரும்ப எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கீழே டிபன் கடையில் யாரோ தோசைக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

யமுனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப சொல்றியே அக்கா," என்றாள். "ஃபாரம் போன வாரமே போய்ச்சி."